காடை: ஒரு ஆணுக்கு எத்தனை பெட்டை?

முகிலன்: ஜப்பான் காடை, 4 ஆண், 8 பெட்டை, ஒரே கூண்டு. பெட்டைங்களுக்குத் தலையிலயும் முதுகிலயும் முடியே இல்ல, ரெண்டுக்கு ரத்தக்காயம். ஆணைக் குறைக்கலாம்னா கரு கூடாதோன்னு பயம். போன தடவை இன்குபேட்டர்ல வச்ச 40 முட்டையில 22 தான் பொரிச்சது.

கூண்டுக்காரர்: குறைக்காதீங்க. 1க்கு 2தான் சரி. 1க்கு 5னு விட்டு, அந்த ஒரு ஆண் மலடா இருந்தா அஞ்சு பெட்டை முட்டையும் கூமுட்டைதான்.

செல்வி: அண்ணே, ரத்தம் வருதுங்கறார், நீங்க கணக்கு சொல்றீங்க! ஆண் ஏறும்போது பிடரியைக் கொத்திப் பிடிக்கும். நாலும் மாத்தி மாத்தி ஏறினா பெட்டை தாங்குமா? ஒண்ணு ஏறும்போதே இன்னொண்ணு வந்து தள்ளிவிடும், எதுவும் உருப்படியா சேராது. 1க்கு 4 போதும்.

கூண்டுக்காரர்: அது இடப் பிரச்சினை. கூண்டைப் பெருசாக்கட்டும்.

வேலன்: பாப்வைட் காடையை ஜோடி ஜோடியாத்தான் விடணும்.

செல்வி: அது வேற இனம். இவர் கேக்கறது ஜப்பான் காடை. முகிலன், பொரிக்காத 18 முட்டையை உடைச்சுப் பார்த்தீங்களா? ஓட்டுல புள்ளி இருக்கறதால லைட் அடிச்சா சரியாத் தெரியாது. உள்ள வெறும் மஞ்சக்கருன்னா ஆண் பக்கம் சந்தேகப்படலாம். குஞ்சு வளந்து செத்திருந்தா சூடு, ஈரப்பதம், முட்டை திருப்பினதுன்னு வேற எதையாவது பாருங்க.

முகிலன்: இப்பத்தான் உடைச்சேன், நாத்தம் தாங்கல. 5ல ஒண்ணுமில்ல, 13ல குஞ்சு இருந்துச்சு.

செல்வி: அப்போ 40ல 35 கரு கூடியிருக்கு. உங்க குறை இன்குபேட்டர்லதான்.

கூண்டுக்காரர்: அந்த 35ம் 1க்கு 2 விட்டுக் கிடைச்சதும்மா. என் கட்சிக்கே சாட்சி சொல்றீங்க.

செல்வி: 1க்கு 4லயும் கிடைக்காதுன்னு அது சொல்லலையே. ரெண்டு ஆணை எடுத்துட்டு முட்டை வச்சுப் பார்த்தாத் தெரிஞ்சிடும். உடனே வைக்காதீங்க, பழைய விந்து பெட்டை உடம்புல சில நாள் தங்கும். ரெண்டு வாரம் போகட்டும். காயம்பட்ட ரெண்டும் ஆறுற வரைக்கும் தனியா இருக்கணும்.

கூண்டுக்காரர்: எடுக்கறதுன்னா கண்ணை மூடிட்டு எடுக்காதீங்க. ஆசனவாய்க்கு மேல தடிப்பா ஒரு சுரப்பி இருக்கும், மெதுவா அமுக்கினா வெள்ளை நுரை வரணும். வராததை முதல்ல எடுங்க. எடுத்ததைத் திரும்ப உள்ள விட்டா மண்டை உடையும். நான் 1க்கு 3க்கு மேல போக மாட்டேன், சொல்லிட்டேன்.

செல்வி: 2லேருந்து 3க்கு வந்துட்டீங்களே அண்ணே!

முகிலன்: நுரை வராத ஒண்ணையும், ரொம்ப முரடா இருந்த ஒண்ணையும் எடுத்துட்டேன். தனிக் கூண்டுல கெடந்து ராத்திரி பூரா கத்துதுங்க. வீட்டுல என்னையும் வெளிய போகச் சொல்றாங்க.