கட் செய்யும்போது கரண்ட் போனது: அம்மாவின் படங்களை மீட்க உதவுங்கள்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். அம்மா தேயிலை பறித்த காலத்துப் படங்கள், ஸ்கேன் செய்தவை 412. செவ்வாய் மாலை டெஸ்க்டாப்பிலிருந்து 32 ஜிபி பென் டிரைவுக்கு கட் செய்து பேஸ்ட் கொடுத்தேன். காப்பி செய்திருக்க வேண்டும். மழையில் பாதியிலேயே கரண்ட் போய்விட்டது, யுபிஎஸ் இல்லை.

விண்டோஸ் 10. கணினியில் 150 படங்கள்தான் மிச்சம். பென் டிரைவைச் செருகினால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது, செய்யவில்லை. ரீசைக்கிள் பின் காலி. வேறு போர்ட், தம்பியின் லேப்டாப், எல்லாவற்றிலும் அதேதான். குன்னூரில் ஒரு கடையில் ஃபார்மட் செய்து தருகிறேன் என்றார்கள், திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அசல் படங்களோ மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. பழையதன் மேல் எழுதிவிடக் கூடாதென்று அன்றிலிருந்து இரண்டிலும் எதையும் சேமிக்கவில்லை.

ஃபார்மட் செய்யாமல் அந்த 262 படங்களை மீட்க, எந்த இலவச மென்பொருளை முதலில் ஓட்டிப் பார்க்கலாம்?