மறு: ஆன்டி-சீஸ் – ‘துருத்தடுப்புப் பசை’ பொருந்துமா?

> ‘துருத்தடுப்புப் பசை’ என்றே வைக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். ஆன்டி-சீஸ் (anti-seize) என்பது உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளாதிருக்கப் பூசும் பசை, அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். துரு இரும்புக்கு. டைட்டானியத்தின் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர்தான், ஆனால் கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். டைட்டானிய சைக்கிள் ஃபிரேமில் கெடுவது அதோடு சேர்ந்திருக்கும் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே வியர்வையோ மழைநீரோ தங்கினால் அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாகும். பொடிக்கு உலோகத்தைவிட இடம் அதிகம் வேண்டும், அதனால் இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட் ஃபிரேம் குழாய்க்குள் ஆப்படித்ததுபோல் நின்றுவிடும். இதை (galvanic corrosion) ‘இணையரிமானம்’ எனலாம்.

> ‘மின்வேதி அரிமானம்’ இருக்கிறதே?

இரும்பு தனியாகத் துருப்பிடிப்பதும் மின்வேதி வினைதானே ஐயா. இங்கே இரண்டு உலோகம் சேர வேண்டும்.

> டைட்டானியம் போல்ட் டைட்டானியம் மரையில் சிக்குவதும் இதுதானா?

இல்லை, அங்கே அரிமானமே கிடையாது. உலர்ந்த மரையில் முறுக்கும்போது படலம் கிழிந்து உலோகம் உலோகத்தோடு ஒட்டுகிறது. இதற்கு (galling) ‘உரசொட்டு’ என்பது என் பரிந்துரை. மரையைத் துடைத்து, செம்பு அல்லது நிக்கல் கலந்த பசையை முழு மரைக்கும் பூசி, முதலில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகினால் மல்லுக்கட்டாமல் வெளியே எடுத்துவிடுங்கள். பசை பூசிய மரை அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) கூடுதலாக இறுகும் என்பதால், தயாரிப்பாளர் தரும் அளவு உலர்ந்த மரைக்கா என்று பார்த்துக்கொள்ளவும்.

> அப்படியானால் ‘பிடிப்புத்தடுப்பு’? பட்டறையில் ‘பிடிச்சுக்கிச்சு’ என்கிறார்களே.

கார்பன் சீட் போஸ்டுக்குப் பூசும் பசை பிடிப்பைக் கூட்டுவது. ஆன்டி-சீஸை அதில் பூசினால் போஸ்ட் வழுக்கி இறங்கும். பெயர் ஒத்திருந்தால் டப்பா மாறும். அது ‘பிடிப்புப் பசை’, இது ‘இறுகல்தடுப்புப் பசை’.

> சரி, ஏற்கிறேன். ஏற்கெனவே இறுகிய அலுமினிய போஸ்டைச் சூடுகாட்டி எடுக்கலாமா?

கூடாது. சூட்டில் அலுமினியம் டைட்டானியத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல் விரிந்து இன்னும் இறுகும். போஸ்டின் உட்குழியில் உலர்பனி (டிரை ஐஸ்) போட்டுக் குளிர்வித்துத் திருகுங்கள். கடைசி வழி காஸ்டிக் சோடா: அலுமினியம் கரைந்துவிடும், டைட்டானியம் பெரும்பாலும் தாங்கும், பெயின்ட் போகும். ஹைட்ரஜன் வெளிவரும், கரைசலும் கொதிக்கும். திறந்த வெளி, கையுறை, கண்ணாடி கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போஸ்டைக் கழற்றித் துடைத்து, பசையைப் புதுப்பித்தால் இந்த வேலையே வராது.

‘உரசொட்டு’க்கு மாற்று யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மற்ற மூன்றையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.