ஒருநாள் குஞ்சில் சேவல், பெட்டை பிரிப்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கோழி வளர்ப்புக் கையேட்டுக்காக, ஒருநாள் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது என்று பிரிக்கும் வேலைக்கு (ஆங்கிலத்தில் chick sexing) ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளில் 'பாலின நிர்ணயம்' என்பதற்கே ஆதரவு அதிகம். எனக்கு அது சரிப்படவில்லை. குஞ்சு சேவலா பெட்டையா என்பது கருவுறும்போதே முடிவாகிவிடுகிறது. பறவைகளில் அதை முடிவு செய்வதும் தாய்க்கோழியின் கருமுட்டைதான். பொரிப்பகத்தில் உட்கார்ந்திருப்பவர் எதையும் நிர்ணயிப்பதில்லை. பார்த்துப் பிரிக்கிறார், அவ்வளவுதான். தவிர, அந்தச் சொல்லைக் கேட்டதும் ஸ்கேன் மையங்களில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. அது அந்த இடத்துக்கே இருக்கட்டும்.

அடுத்தது 'பால்பிரிப்பு'. சுருக்கமான சொல்தான். ஆனால் நாம் எழுதுவது கால்நடைத் துறைக்கு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்திலோ இதைச் சொன்னால், பாலிலிருந்து கொழுப்பைப் பிரிப்பதாக எடுத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம்.

சொல்லை முடிவு செய்யும் முன் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். மசூயி, ஹாஷிமோட்டோ முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 1920களில் வகுத்த முறை இது. குஞ்சை இடக்கையில் பிடித்து, முதலில் எச்சத்தைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும். பிறகு பொதுப்புழையை (எச்சமும் முட்டையும் வெளிவரும் ஒரே துளையை) விரலால் மெல்ல விரித்து, பளிச்சென்ற விளக்கொளியில் உள்ளே பார்க்க வேண்டும். சேவல் குஞ்சில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புடைப்பு தெரியும். சில பெட்டைகளிலும் புடைப்பு இருக்கும் என்பதுதான் சிக்கல். அதன் பளபளப்பு எப்படி, விரல் பட்டால் அமுங்குகிறதா என்பதெல்லாம் பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும். அதையும் சில நொடிக்குள் சொல்லியாக வேண்டும்.

இறகு முறை இதைவிட எளிது. சிறகை விரித்தால், பெட்டைக்கு முதன்மை இறகுகள் (சிறகின் ஓரத்தில் வரும் பெரிய இறகுகள்) அவற்றை மூடும் இறகுகளைவிட நீண்டிருக்கும். சேவலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். ஆனால் இதற்கென்றே கலப்புச் செய்து உருவாக்கிய இனங்களில்தான் இது செல்லும், அதுவும் பொரித்த ஓரிரு நாளுக்குள். நாட்டுக்கோழிக் குஞ்சில் இறகைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று கையேட்டில் அழுத்தமாகவே எழுதப் போகிறேன்.

சரி, இத்தனை பாடும் எதற்கு? முட்டைக்கோழி இனத்தில் சேவல் முட்டையும் இடாது, கறிக்கோழி அளவுக்குச் சதையும் வைக்காது. தேடுவது பெட்டையைத்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் "பெட்டையா பார்த்து எடுத்துக் கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே என் முன்மொழிவு: 'பெட்டைப்பிரிப்பு'. செய்பவர் 'பெட்டைப்பிரிப்பாளர்'. முறைகளைப் புழைவழி, இறகுவழி, நிறவழி (குஞ்சின் நிறத்தைப் பார்த்துப் பிரிப்பது) என்று அடைகொடுத்துச் சொல்லலாம். வாத்துக்கும் வான்கோழிக்கும் இதே சொல் பொருந்தும்.

பெட்டையைக் குறிக்கும் 'அளகு' என்ற பழஞ்சொல்லைச் சிலர் விரும்பக்கூடும். தொல்காப்பிய மரபியல் அதைக் கோழிக்கும் கூகைக்கும் மயிலுக்கும் மட்டுமே உரியதாகச் சொல்கிறது. அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் கோழி வளர்ப்பவர் யாரும் இன்று அதைச் சொல்வதில்லை. சொல்லுக்கே விளக்கம் எழுத வேண்டிவரும். யாழ்ப்பாணத்தில் 'பெட்டை' என்றால் பெண்பிள்ளை என்பதையும் யோசித்தேன். ஈழத்து நண்பர்களுக்கு உறுத்தினால் 'பெடைப்பிரிப்பு' என்றும் வைக்கலாம். பெடையும் மரபியலில் உள்ள சொல்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. ஜெர்மனியில், பயனில்லை என்று சேவல் குஞ்சுகளைப் பொரித்த உடனே கொல்வதற்கு 2022 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதனால் 21 நாள் அடைகாப்பு முடியும் முன்பே, முட்டைக்குள் ஒளி செலுத்தியோ துளி நீர்மம் எடுத்தோ சேவலா பெட்டையா என்று பார்த்துவிடுகிறார்கள். குஞ்சைப் பொரிக்கவிட்டுக் கொல்வதைவிட இது எவ்வளவோ மேல். தமிழில் இதற்குப் பெயர் வேண்டும். 'முட்டைநிலைப் பெட்டைப்பிரிப்பு' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். 'பெட்டைப்பிரிப்பு' என்பதில் ஒற்று மிகுமா என்பதையும் இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுவேன்.