பறவை எடுக்க: 1500டி-யா, எஸ்எக்ஸ்70-ஆ?

வணக்கம் நண்பர்களே. வேடந்தாங்கல், பள்ளிக்கரணை பக்கம் பறவை எடுக்க கேமரா வேண்டும். கேனான் 1500டி (லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர்) + 55-250 எஸ்டிஎம் ஜூம் லென்ஸ், அல்லது லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே வரும் கேனான் எஸ்எக்ஸ்70. இரண்டுமே பழைய மாடல், செகண்ட் ஹேண்டில் பார்க்கிறேன்.

லென்ஸின் 250 மி.மீ. என்பது 1500டி-யில், ஃபுல் ஃப்ரேம் கேமரா கணக்குப்படி, 400 மி.மீ.-க்குச் சமம். அதே கணக்கில் எஸ்எக்ஸ்70 1365 வரை போகும். தூரத்து நாரையை அதே அளவுக்குத் தெரியும்படி கிராப் செய்தால் (ஓரங்களை வெட்டினால்) 1500டி-யின் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது சுமார் 2 மெகாபிக்சல்தான். ஆனால் அதன் சென்சார் பரப்பு ஏறக்குறைய 12 மடங்கு பெரிது. எஸ்எக்ஸ்70 முழு ஜூமில் எஃப்/6.5, அதாவது உள்ளே வரும் வெளிச்சம் குறைவு; சாயங்காலம் ஷட்டர் 1/1000 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) எகிறி இறகு விவரம் குழைந்துவிடும். வெயில் ஏறினால் தண்ணீர் மேல் எழும் அனல் அலையில் எந்த ஜூமும் எடுபடாது, அது வேறு கதை.

எஸ்எக்ஸ்70 வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: ஐஎஸ்ஓ 800-ல் ரா (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்து நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) குறைத்தால் ஏ4 பிரிண்ட் தாங்குமா? பறக்கும் கொக்கை எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் தொடர முடிகிறதா? 1500டி-காரர்கள் நடு ஃபோகஸ் புள்ளி மட்டும் வைத்து, ஏஐ சர்வோவில் (நகரும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) எடுத்த பறவைப் படம் இருந்தால், கிராப் செய்யாமல் போடுங்கள்.