மனாசேயின் பெயரை மத்தேயு ஏன் விட்டுவிடவில்லை?

கேள்வி:
ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு மத்தேயு முதல் அதிகாரத்தில் இருக்கிற இயேசுவின் வம்ச வரலாற்றை எடுக்கிறேன். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று ராஜாக்களையும் மத்தேயு தாண்டிப் போகிறார். வம்சத்தை 14, 14 தலைமுறையாகப் பிரிக்கிற கணக்குக்காக என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மனாசேயையும் விட்டிருக்கலாமே? 55 வருஷம் ராஜாவாக இருந்து, பெற்ற பிள்ளைகளையே இன்னோம் பள்ளத்தாக்கில் தீக்கடக்கப் பண்ணினவன். கிறிஸ்துவின் வம்சத்தில் அவனுக்கு என்ன இடம்?

பதில் 1:
2 நாளாகமம் 33-ஐ வாசித்துக் காட்டுங்கள் சிஸ்டர். அசீரியர் விலங்கிட்டு பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகு தன்னைத் தாழ்த்திக் கெஞ்சினான், கர்த்தர் கேட்டார். ஆனால் 2 இராஜாக்கள் 24-இல், அவன் சிந்தின குற்றமில்லாத இரத்தத்தைக் கர்த்தர் மன்னிக்கச் சித்தமில்லாதிருந்தார் என்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்லுங்கள்.

பதில் 2:
மனாசேக்குப் போகுமுன், அதே வம்ச வரிசையில் வருகிற யாக்கோபின் மகன் யூதாவிடம் கொஞ்சம் நில்லுங்கள். நான் திரும்பத் திரும்ப வாசிக்கிற ஆள் அவன். தம்பி யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னதே அவன்தான்; 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். அடுத்த அதிகாரத்தில், விதவையான மருமகள் தாமாருக்குத் தன் இளைய மகன் சேலாவைக் கட்டிவைப்பதாகச் சொல்லி ஏமாற்றுகிறான். வழியோரம் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தவளை தாமார் என்று தெரியாமலே, அடைமானம் கொடுத்துச் சேர்கிறான். அவள் கர்ப்பமானது தெரிந்ததும், சுட்டெரிக்கச் சொல்கிறான்! அப்போதுதான் அவள் அந்த அடைமானத்தை அனுப்புகிறாள்: முத்திரை மோதிரம், ஆரம், கைக்கோல். மூன்றும் அவனுடையவை. குடும்பத்தலைவன் அவன், நினைத்திருந்தால் மூடி மறைத்திருக்கலாம். 'என்னிலும் அவள் நீதியுள்ளவள்' என்று சொல்லிவிட்டான்.

இதே யூதாதான் ஆதியாகமம் 44-இல் எகிப்தில், யாரென்று தெரியாமல் யோசேப்பின் முன்னாலேயே நின்று, 'பென்யமீனை அனுப்பிவிடும், அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன்' என்று மன்றாடுகிறான். ஒரு தம்பியை விற்றவன் இன்னொரு தம்பிக்காகத் தன்னையே கொடுக்கிறான். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிடும்.

பதில் 3:
மத்தேயு 1-இல் ஆறாம் வசனத்தையும் விடாதீர்கள். சாலொமோனின் தாய் பத்சேபாளின் பெயர் அங்கே இல்லை, 'உரியாவின் மனைவி' என்றுதான் இருக்கிறது. தாவீது கொல்லக்கொடுத்த போர்வீரனின் பெயர் மேசியாவின் வம்ச வரலாற்றில் நிற்கிறது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. யூதாவிலிருந்தே தொடங்குகிறேன். தாமார் விஷயத்தை அந்த வயதுப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்லலாம் அண்ணா?

பதில் 2:
வாக்குத் தவறினது யூதா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் மனதில் தாமார்தான் குற்றவாளியாகப் பதிவாள். மற்றதை வேதத்தில் இருக்கிறபடியே அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.