மூக்கு நொறுங்கிய பிளேன்: எந்தப் பசை? அவசரம்

நீலவானம்_கோவை: ரிமோட்ல பறக்கிற மாடல் பிளேன் விழுந்துடுச்சு. ஃபியூஸ்லாஜ் (உடம்பு) முன்பக்கம் போச்சு, விங் ஓகே. எந்தப் பசை நிக்கும்? ஞாயித்துக்கிழமை பறக்கணும்.

ரட்டர்ராஜா: என்ன பிளேன் ப்ரோ? பால்சா மரமா ஃபோமா? படம் போடுங்க.

ஃபோம்பிரியன்: கொதிக்கிற தண்ணியை மூக்குல ஊத்துங்க. நசுங்கின ஈபிஓ ஃபோம் தானா உப்பி வரும். மிச்சத்துக்கு சிஏ (உடனே ஒட்டுற பசை).

பட்டறைக்காரர்: ஃபோம்னு அவர் சொன்னாரா? பால்சாவா இருந்தா வெந்நீர் ஊத்தி ரசம் வைக்கச் சொல்றீங்களா? கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கு தம்பி. இங்க தேடுனா இதே மாதிரி நூறு கிடக்கு.

நீலவானம்_கோவை: பால்சாதான். 40 சைஸ் ஹை விங் ட்ரெயினர் (கத்துக்கிறவங்களுக்கான பிளேன்), எலக்ட்ரிக். ஃபயர்வால் (மோட்டார் மாட்டுற முன் பலகை) பிடுங்கிட்டு வந்துடுச்சு. அஞ்சு நிமிஷத்துல இறுகுற எபாக்ஸி பசை போட்டேன், கையால இழுத்தாலே உரியுது.

ரட்டர்ராஜா: எபாக்ஸி கலவை சமமா இருந்துச்சா?

பட்டறைக்காரர்: அஞ்சு நிமிஷத்தை ஃபயர்வாலுக்குப் போடுறவங்களுக்கு என்ன சொல்றது. 30 நிமிஷம்தான்.

ஃபோம்பிரியன்: அஞ்சு நிமிஷத்துல ஒட்டின என் பிளேன் இன்னும் பறக்குது சார்.

பட்டறைக்காரர்: ஃபோம் பொம்மைக்கு எதுவும் நிக்கும்.

ஃபோம்பிரியன்: பால்சாக்காரங்க பட்டறையில இருப்பீங்க, நாங்க கிரவுண்ட்ல இருப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்.

தெர்மல்வேட்டை: சண்டை அப்புறம். நீலவானம், செகண்ட் ஹேண்டா? முன்னாடி நைட்ரோ இன்ஜின் ஓடினதா? உடைஞ்ச மரம் கறுப்பா இருக்கா?

நீலவானம்_கோவை: ஆமா, முன்னாடி இன்ஜின் இருந்துச்சாம். கறுப்புதான், ஆமணக்கு வாசனை வருது. அது முக்கியமா?

தெர்மல்வேட்டை: அதுதான் விஷயமே. இன்ஜின் எரிபொருள்ல கலந்த ஆமணக்கு எண்ணெய் மரத்துல ஊறியிருக்கு. எண்ணெய் மேல எந்த எபாக்ஸியும் பிடிக்காது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தடவி, ஈரம் காயறதுக்குள்ள சோள மாவு தூவுங்க, எண்ணெயை உறிஞ்சிக்கும். துலக்கிட்டு மறுபடியும். துணியில கறை வராத வரைக்கும். பக்கத்துல நெருப்பு வேண்டாம். ரொம்பக் கறுத்த இடத்தை வெட்டி எடுத்துட்டு, சாய்வா சீவி புது 3 மில்லிமீட்டர் பால்சா சேருங்க. நேர் வெட்டுல ஒட்டினா அதே கோட்டுல உடையும். உள்ளே மெல்லிசா லைட் ப்ளைவுட் டப்ளர் (பலத்துக்கு ஒட்டுற பலகை). ஃபயர்வால் புது 6 மில்லிமீட்டர் பிர்ச் ப்ளைவுட், மூலைகள்ல முக்கோணக் கட்டை, 30 நிமிஷ எபாக்ஸி. இதுல மட்டும் பட்டறைக்காரர் சொன்னது சரி.

பழைய ஃபயர்வாலைத் தூக்கிப் போடாதீங்க. ட்ரெயினர்ல மோட்டார் கொஞ்சம் கீழேயும் வலதுபக்கமும் பார்த்து இருக்கும். அந்தச் சாய்வை அதுல இருந்துதான் எடுக்கணும்.

பட்டறைக்காரர்: "மட்டும்" எதுக்கு?

ரட்டர்ராஜா: மூக்குல இருந்த லைப்போ பேட்டரி என்னாச்சு? உப்பியிருந்தா சார்ஜ் போடாதீங்க.

ஃபோம்பிரியன்: ஃபோமா இருந்தா இந்நேரம் பறந்திருப்பார்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

நீலவானம்_கோவை: துணி காப்பி கலர்ல வந்துச்சு. மூக்கு புதுசா வெட்டி ஒட்டியாச்சு, இழுத்தா உரியல. பேட்டரி உப்பல், மொட்டை மாடியில மணல் வாளிக்குள்ள இருக்கு. ஞாயிறு பறக்கல. நன்றிண்ணா.

தெர்மல்வேட்டை: புது மூக்கு எடை மாறியிருக்கும், சிஜி (எடை மையம்) பார்த்துட்டுத் தூக்குங்க. விங்கோட முன்-பின் அகலத்துல முன்விளிம்புல இருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள்ள. படம் போடுங்க.

ரட்டர்ராஜா: படம்?

சுழலி07: எனக்கும் இதே பிரச்சினை. ஆனா என்னுது ஹெலிகாப்டர்.

பட்டறைக்காரர்: தனி இழை போடவும்.