ஊதா நிறம் மண்ணிறமாப் போகுது, சித்திரம் படிப்பிக்கிறவை உதவுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் தரம் 10 பிள்ளையளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறன். இந்தத் தவணை நிறச் சக்கரத்தைப் புத்தகத்தைப் பாத்துக் கீறாமல், சிவப்பு, மஞ்சள், நீலம் மூண்டையும் மட்டும் குடுத்துக் கலக்க விட்டனான். செம்மஞ்சள் நல்ல வடிவா வந்தது. பச்சையும் பரவாயில்லை. ஊதாதான் ஒவ்வொரு முறையும் சேறு மாதிரிப் போகுது. பிள்ளையள் தாங்கள் பிழை விட்டதெண்டு முகம் வாடிப் போகினம், அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.

பிழை பெட்டியில இருக்கிற சிவப்பில. அது செம்மஞ்சள் பக்கம் சாய்ஞ்ச சிவப்பு, அதுக்குள்ள மஞ்சள் சாயலும் இருக்கு. நீலத்தோட சேரேக்க மூண்டு நிறமும் கலந்த மாதிரியாகி மண்ணிறம் வந்திடுது. ரோசாப் பக்கம் சாய்ஞ்ச சிவப்பு, இல்லாட்டி மஜென்டா வேணும். கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ அது தனிப் போத்தலா எங்க வாங்கலாம்? வீட்டில பாவிக்காமல் கிடந்தாலும் தாங்கோ, வந்து எடுக்கிறன்.

இன்னொண்டு. இரணைமடுக் குளக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கீற வைக்க ஆசை. மர நிழலுக்குக் கறுப்புப் போடாமல், பச்சைக்குள்ள கொஞ்சம் சிவப்பு விட்டு இருட்டாக்கிறதை அங்க வைச்சுக் காட்டலாம். இப்பிடி வெளியில கொண்டுபோய்ப் படிப்பிச்ச ஆசிரியர்மார் இருந்தால், முதல்ல எதைக் கீற விட்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ.